தனி விக்கியில் சேமித்த குறிப்புகள் எங்கே போயின?

வானியலைத் தாமாகவே படித்துவரும் நீங்கள், படித்ததை எழுதிவைக்க, குறிப்புகளை ஒன்றோடொன்று இணைத்து வைக்கும் டிட்லிவிக்கி என்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் ஆகிறது என்று சொல்லி, நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். சேமித்த குறிப்புகளில் பாதி மறுநாள் ஏன் காணவில்லை, ஒரு குறிப்பு எவ்வளவு நீளம் இருக்கலாம், குறிச்சொல்லுக்கும் இணைப்புக்கும் என்ன வேறுபாடு, பத்து ஆண்டு கழித்தும் இவற்றைத் திறந்து படிக்க முடியுமா என்பவை அவை. சற்றே நிதானித்துப் பார்த்தால் நான்கும் இரண்டு கேள்விகளில் அடங்கிவிடும்: நான் எழுதியது உண்மையில் எந்த இடத்தில் இருக்கிறது, வேண்டும்போது அது என் கைக்குக் கிடைக்குமா. தொழில்நுட்பக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் வேலை. 2014ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சொற்குறிப்புகளை இதே மென்பொருளில்தான் வைத்திருக்கிறேன், இன்று அவை ஏறத்தாழ மூவாயிரம். நான் நிரலாளன் அல்லன் என்பதால், மென்பொருளின் உட்கட்டமைப்பைப் பற்றிப் பயனர் அளவிலேயே பேசுகிறேன்.

முதலில் காணாமற்போன குறிப்புகள். ஜெரமி ரஸ்டன் 2004இல் வெளியிட்ட இந்த மென்பொருளின் தனித்தன்மை, நிரலும் நீங்கள் எழுதும் குறிப்புகளும் ஒரே எச்டிஎம்எல் கோப்புக்குள் சேர்ந்தே இருப்பதாகும். நீங்கள் உலாவியில் திறப்பது அந்தக் கோப்பை. ஆனால் உலாவி, பாதுகாப்புக் கருதி, திறந்திருக்கும் ஒரு பக்கம் உங்கள் வட்டிலுள்ள கோப்பின் மேல் தானாக எழுதுவதை அனுமதிப்பதில்லை. அனுமதித்தால் எந்த வலைப்பக்கமும் உங்கள் கோப்புகளைக் கெடுத்துவிடலாம். ஆகவே, சிவப்பாக மாறியிருக்கும் சேமிப்புப் பொத்தானை நீங்கள் அழுத்தும்போது பழைய கோப்பு திருத்தப்படுவதில்லை. அந்த நேரத்து விக்கி முழுவதும் ஒரு புதிய கோப்பாகப் பதிவிறக்கக் கோப்புறையில் போய் விழுகிறது. மறுநாள் மேசைத்திரையிலுள்ள பழைய கோப்பைத் திறக்கிறீர்கள். அதில் நேற்றைய எழுத்து இருக்க வழியில்லை. இதில் ஐயத்துக்கு இடமில்லை, உலாவியில் மட்டும் இதைப் பயன்படுத்தும் புதியவர் பலருக்கும் ஒருமுறை இது நேர்கிறது. உங்கள் கணினியில் இதுவே நடந்தது என்பது மட்டும் என் ஊகம். பாதிக் குறிப்புகள் இருக்கின்றன, பாதி இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பது அந்த ஊகத்துக்கு வலுச்சேர்க்கிறது, ஏனெனில் வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு நகல்களைத் திறந்து எழுதியிருந்தால் குறிப்புகள் இப்படித்தான் சிதறும்.

நல்ல செய்தி, இந்த வகையில் எதுவும் அழிவதில்லை. பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்து, திருத்திய நேரத்தின் வரிசையில் அடுக்கிப் பாருங்கள்; ஒரே பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண்ணிட்ட கோப்புகள் நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு முழு விக்கி. எண் பெரிதாக இருப்பதுதான் புதியது என்று நம்பிவிடாதீர்கள், நேரத்தை நம்புங்கள். இடையில் ஒரு நகலை நீங்கள் நீக்கியிருந்தால் அந்த எண்ணை உலாவி மறுபடி பயன்படுத்தியிருக்கக்கூடும். மிகப் புதிய கோப்பை வேறொரு பெயரில் தனி இடத்தில் வைத்து அதைத் திறந்துகொண்டு, மற்ற நகல்களை ஒவ்வொன்றாக அந்தச் சாளரத்தின் மேல் இழுத்துவிடுங்கள். உள்ளிருக்கும் குறிப்புகளின் பட்டியல் ஒன்று வரும். வேண்டியவற்றை மட்டும் குறியிட்டு ஏற்றுக்கொள்ளலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: ஒரே தலைப்பில் இரண்டு கோப்புகளிலும் குறிப்பு இருந்தால், ஏற்றுவது இருப்பதன் மேல் எழுதிவிடும். அப்படிப்பட்ட தலைப்புகளை முதலில் குறியிடாமல் விட்டுவிட்டு, இரண்டையும் அருகருகே திறந்து படித்துக் கையால் இணைப்பதே பத்திரம். உங்களிடமுள்ள நாற்பது குறிப்புகளுக்கு அரைமணி நேர வேலை.

இனி இது நேராமலிருக்க மூன்று வழிகள் இருக்கின்றன, அவற்றில் முதலாவதே தொடங்குபவருக்குப் போதும். உலாவியின் அமைப்புகளில், ஒவ்வொரு கோப்பையும் எங்கே சேமிப்பது என்று கேட்கச் சொல்லும் தெரிவை இயக்கிவிட்டால், சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சாளரம் திறக்கும். அதில் உங்கள் விக்கிக் கோப்பையே தேர்ந்தெடுத்து மேலெழுதச் சொல்லலாம். இரண்டாவது, டிட்லிடெஸ்க்டாப் என்ற தனிச் செயலியில் கோப்பைத் திறப்பது. அதற்கு நேரடியாக எழுதும் அனுமதி உண்டு. மூன்றாவது, நோட்.ஜேஎஸ் என்ற நிரல் இயக்கி வழியாகக் கணினியிலேயே சிறு சேவையகமாக இயக்குவது. அப்போது ஒவ்வொரு குறிப்பும் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும். கட்டளைச் சாளரத்துக்கு அஞ்சாதவர்களுக்கு இது மிகச் சிறந்தது, உங்களுக்கு இப்போது வேண்டியதில்லை. பழைய வழிகாட்டிகள் பலவும் பயர்பாக்ஸுக்கான டிட்லிஃபாக்ஸ் என்னும் நீட்சியை நிறுவச் சொல்லும். 2017 நவம்பரில் பயர்பாக்ஸின் 57ஆம் பதிப்பு வந்து பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டபோதே அது செயலிழந்துவிட்டது, எனவே அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முந்தைய வழிகாட்டிகளையும் அப்படியே ஒதுக்கலாம். குறியீடுகளே மாறிவிட்டன.

சேமிப்பைப் பற்றிப் பேசும்போது என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கணினியிலும் வீட்டுக் கணினியிலும் ஒரே விக்கிக் கோப்பை இணையச் சேமிப்புச் சேவை ஒன்றின் மூலம் ஒத்திசைத்து வைத்திருந்தேன். ஒரு மாலை அலுவலகத்தில் தாவலை மூடாமலே கிளம்பிவிட்டேன். வீட்டில் இரண்டு மணி நேரம் எழுதிச் சேமித்தேன். மறுநாள் காலை, முதல் நாள் முதல் திறந்தே கிடந்த அந்தத் தாவலில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமிப்பை அழுத்தினேன். திறந்திருக்கும் தாவல் வட்டில் நடந்த மாற்றத்தை அறியாது. தன்னிடமுள்ள பழைய விக்கி முழுவதையும் எழுதியது, இரவின் எழுத்து போயிற்று. சேவையின் பழைய பதிப்புகளிலிருந்து மீட்க முடிந்தது என்றாலும், மீட்டு இணைக்க அன்றைய முற்பகல் செலவாயிற்று. ஒரே கணினியில் இரண்டு தாவல்களில் திறந்துவைத்தாலும் இதுவே நடக்கும். எழுந்து போகும்போது தாவலை மூடுவது, வாரம் ஒருமுறை கோப்பை நாளிட்ட பெயரில் வேறோர் இயக்ககத்துக்கு நகலெடுப்பது என்ற இரண்டு பழக்கங்களும் அன்று வந்தவை.

இரண்டாவது கேள்வி, குறிப்பின் நீளம். இதில் யாரும் உறுதியான அளவு சொல்ல முடியாது. சொல்பவரின் வேலை வேறாகவும் உங்கள் வேலை வேறாகவும் இருக்கும். எனினும் விக்கி எதற்காக உருவானது என்பதை நினைவில் வைத்தால் ஒரு திசை கிடைக்கும். வார்டு கன்னிங்ஹம் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியைத் திறந்தபோது, விரைவு என்று பொருள்படும் ஹவாய்ச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொல்லை இணைப்பாக்கி, அந்தப் பக்கம் இன்னும் பிறக்கவில்லை என்றாலும் கவலைப்படாமல் மேலே செல்ல முடிவதுதான் அதில் புதுமை. அந்த விரைவு பயன்பட வேண்டுமானால் ஒரு குறிப்பை இணைப்பின் மறுமுனையாக வைக்க இயல வேண்டும். அதாவது, வேறிடத்திலிருந்து வருபவர் அதைத் திறந்தவுடன் தேடிவந்தது கண்முன் இருக்க வேண்டும். சமூகவியலாளர் நிக்லஸ் லூமன் ஏறத்தாழ 90,000 குறிப்பு அட்டைகளை எண்ணிட்டு ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தார் என்பதை எடுத்துக்காட்டிச் சிலர் ஒரு குறிப்புக்கு ஒரே கருத்து என்பதைச் சட்டமாக்குவார்கள். அது அவருடைய வேலைக்குப் பொருந்திய முறை. நூல் எழுதாத ஒருவருக்கு அத்தனை கறார் தேவையா என்பது எனக்கு ஐயமே.

நீங்கள் எடுத்துக்காட்டாக இட்டிருந்த 'வால்மீன்கள்' குறிப்பையே எடுத்துக்கொள்வோம். ஏழு பத்தி, ஹேலி 1986இல் வந்து 2061இல் திரும்பும் என்பது மூன்றாம் பத்தியில், ஊர்ட் மேகம் ஐந்தாம் பத்தியில், வால் ஏன் அப்படி நீள்கிறது என்பது கடைசியில். இரண்டு மாதம் கழித்துச் சூரியக்காற்றைப் பற்றிப் படிக்கும்போது உங்களுக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பத்தி மட்டும். ஆனால் இணைப்பு உங்களை ஏழு பத்தியின் தலைவாசலில் கொண்டுபோய் நிறுத்தும். அந்தப் பத்தியை வெட்டி, 'வால்மீனின் அயனி வால் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீள்கிறது' என்று முழு வாக்கியமாகவே தலைப்பிட்டுத் தனிக் குறிப்பாக்குங்கள். ஹேலிக்கு ஒன்று, ஊர்ட் மேகத்துக்கு ஒன்று. 'வால்மீன்கள்' என்பது இரண்டு வரி முன்னுரையும் இந்த இணைப்புகளும் மட்டும் உள்ள வாசற்பக்கமாக மிஞ்சட்டும். ஆனால் எல்லாவற்றையும் இன்றே உட்கார்ந்து வெட்டாதீர்கள். ஒரு பத்தியை வேறிடத்திலிருந்து சுட்ட வேண்டிய தேவை வரும் நாளில் அதை மட்டும் வெட்டினால் போதும். முன்கூட்டியே வெட்டியவற்றில் பெரும்பாலானவை என் விக்கியில் ஒருவரும் தீண்டாமல் கிடக்கின்றன, ஒருவர் என்பது நான்தான்.

மூன்றாவது, இணைப்பும் குறிச்சொல்லும். இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பை எழுதினால் அது இணைப்பு: [[ஊர்ட் மேகம்]]. அப்படியொரு குறிப்பு இல்லையென்றால் இணைப்பு சாய்வெழுத்தில் தெரியும். சொடுக்கினால் அங்கேயே எழுதத் தொடங்கலாம். தமிழில் எழுதுபவர்கள் இரண்டாம் நாளே முட்டிக்கொள்ளும் இடம் இதுதான், ஏனெனில் நம் சொற்கள் வாக்கியத்துக்குள் உருமாறாமல் நிற்பதில்லை. 'நீள்சுற்றுக்கால வால்மீன்கள் ஊர்ட் மேகத்திலிருந்து வருவதாகக் கருதப்படுகிறது' என்று எழுதும்போது 'ஊர்ட் மேகத்திலிருந்து' என்று ஒரு தலைப்பு இல்லை. அதற்காக வாக்கியத்தைக் கொச்சையாக உடைக்க வேண்டாம். [[ஊர்ட் மேகத்திலிருந்து|ஊர்ட் மேகம்]] என்று நடுவில் ஒரு நேர்கோடு இட்டு எழுதினால், திரையில் தெரிய வேண்டிய சொல் முன்னும் போய்ச்சேர வேண்டிய தலைப்பு பின்னுமாக அமையும். இந்த வரிசை டிட்லிவிக்கிக்கு உரியது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியிலும், அப்சிடியன், டோக்குவிக்கி என்ற வேறு குறிப்பு மென்பொருள்களிலும் தலைப்பு முன்னும் தோற்றம் பின்னுமாக எழுத வேண்டும். இரண்டையும் பயன்படுத்துபவர்களின் விரல் இதில் தவறுவது அன்றாடம். தேடும்போதும் உருபு குறுக்கே நிற்கும்: 'மேகம்' என்று தேடினால் 'மேகத்தில்' அகப்படாது, 'மேக' என்று தேடினால் இரண்டும் அகப்படும்.

குறிச்சொல் வேறு வேலை செய்கிறது. இணைப்பு, இந்த இடத்தில் இந்தக் காரணத்துக்காக அதைப் பார் என்கிறது. அதைச் சுற்றியுள்ள வாக்கியமே காரணத்தைச் சொல்லிவிடும். குறிச்சொல்லோ, இது இந்தக் குவியலைச் சேர்ந்தது என்பதோடு நின்றுவிடும். ஆகவே பொருளுக்கு இணைப்பும் நிலைக்குக் குறிச்சொல்லும் என்பது என் வழக்கம். 'சரிபார்க்க வேண்டும்', 'படத்தோடு பார்க்க', 'புரியவில்லை' போன்ற ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை. இது விதியன்று, பூச்சியினங்களையோ நட்சத்திரங்களையோ பட்டியலிடுபவருக்குப் பொருள்வாரிக் குறிச்சொற்கள் நன்றாகவே பயன்படும், நீங்களும் விண்மீன் கூட்டங்களின் பெயர்களை அப்படி வைத்துப் பார்க்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: டிட்லிவிக்கியில் குறிச்சொல்லே ஒரு குறிப்பின் தலைப்பாகவும் இருக்க முடியும். 'ஓரியன்' என்று குறிச்சொல் இட்டால் அதே பெயரில் ஒரு குறிப்பைத் திறந்து விளக்கம் எழுதலாம், ஆகவே இரண்டில் எது என்று முதல் நாளே முடிவெடுத்துத் தவிக்க வேண்டியதில்லை.

தலைப்பில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள், ஏனெனில் இந்த மென்பொருளில் ஒரு குறிப்புக்கு அடையாளம் அதன் தலைப்புதான். தலைப்பை மாற்றும்போது மற்றக் குறிப்புகளின் குறிச்சொற்களில் அதைப் புதுப்பிக்கும் தெரிவு வரும்; ஆனால் எழுத்துக்குள் இருக்கும் இணைப்புகளை மென்பொருள் தானாகத் திருத்துவதில்லை, அதற்கு ரீலிங்க் என்ற செருகுநிரலைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், பெயர் மாற்றியபின் பக்கப்பட்டையின் கடைசித் தாவலுக்குள் உள்ள, விடுபட்ட குறிப்புகளைக் காட்டும் பட்டியலைப் பாருங்கள். அறுந்த இணைப்புகள் அங்கே வந்து நிற்கும். சில சமயம் அந்தப் பட்டியலில், நீங்கள் எழுதி முடித்த 'கோள்' என்ற குறிப்பே இல்லாததாகக் காட்டப்படும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. காரணம், கணினியில் எழுத்துகளைப் பதியும் முறையான ஒருங்குறியில் இருக்கிறது: 'கோ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரு குறிகளாகவும் பதியலாம். திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மென்பொருளின் ஒப்பீட்டில் அவை வேறு வேறு சொற்கள். விசைப்பலகையில் நீங்களே தட்டினால் பெரும்பாலும் சிக்கல் வராது; பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒட்டும்போது வரும். அப்படி ஒட்டிய தலைப்பை அழித்துவிட்டுக் கையால் தட்டிவிடுவதே என் மருந்து.

கடைசிக் கேள்வி எதிர்காலத்தைப் பற்றியது என்பதால், யாராலும் உறுதி தர முடியாது. என்றாலும், எது அழிந்தால் எது மிஞ்சும் என்று கணக்கிடலாம். டிட்லிவிக்கிக் கோப்பு வெறும் உரைக்கோப்பு. மென்பொருளின் வளர்ச்சி நாளையே நின்றாலும் உலாவி இருக்கும்வரை திறக்கும், உலாவியும் மறுத்தால் எந்த உரைத்திருத்தியிலும் திறந்து உங்கள் எழுத்தைப் பொறுக்கி எடுக்கலாம். ஜிம், அப்சிடியன் போன்ற குறிப்பு மென்பொருள்கள் ஒவ்வொரு குறிப்பையும் தனி உரைக்கோப்பாகக் கோப்புறையில் வைக்கின்றன. மீட்பதற்கு அது இன்னும் எளிது, தலைப்பை மாற்றினால் இணைப்புகளை அப்சிடியன் தானே திருத்தியும் விடுகிறது. மீடியாவிக்கி தரவுத்தளம் கேட்கும், ஒருவருக்கு அது மிகை. நாற்பது குறிப்புகளோடு மென்பொருள் மாற்ற நினைத்தால் இதுவே நேரம், நானூறு ஆனபின் மனம் வராது. ஆனால் சேமிப்புச் சிக்கல் ஒன்றுக்காக மட்டும் மாற வேண்டாம்.

சிறிய விஷயங்கள் இரண்டு. கடவுச்சொல் இட்டுக் கோப்பை மறையாக்கும் வசதி இருக்கிறது. சொல்லை மறந்தால் மீட்க வழியே இல்லை என்பதால் வானியல் குறிப்புக்கு அதைத் தொடாதீர்கள். படங்களை உள்ளே இழுத்துவிட்டால் அவை எழுத்துக்குறிகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். மூன்று மெகாபைட் நிலவுப்படம் நான்காகும், ஒவ்வொரு சேமிப்பிலும் அந்த நான்கும் சேர்ந்தே எழுதப்படும். படங்களைப் பக்கத்தில் ஒரு கோப்புறையில் வைத்து, குறிப்பில் அதன் முகவரியை மட்டும் கொடுங்கள்.

இன்று செய்ய வேண்டியது பதிவிறக்கக் கோப்புறையைத் திறப்பது. அங்கே எண்ணிட்ட நகல்கள் ஒன்றுகூட இல்லையென்றால் என் ஊகம் தவறு. அப்படியானால் எந்த உலாவி, விக்கியின் பதிப்பெண் என்ன, கணினியா கைப்பேசியா என்ற மூன்றையும் எழுதுங்கள். கைப்பேசியில் சேமிப்பு நடக்கும் விதம் வேறு, அதற்கு மேலே சொன்ன முறைகள் அப்படியே பொருந்தா.